பல் ஊறும் இரண்டு கிண்ணங்கள்

டாக்டர் கைவிளக்கை வாய்க்குள் திருப்பியதுமே, பக்கத்தில் நின்றிருந்த மனைவிக்கு அது தன் கைவேலை என்று தெரிந்துவிட்டது. கணவரின் மேலண்ணம் சிவந்து கிடந்தது. புண்ணின் சிவப்பு கண்டபடி படரும். இந்தச் சிவப்புக்கு ஓரம் இருந்தது. பின்னால், மெல்லண்ணம் தொடங்கும் இடத்தில், அது கோடு கிழித்தாற்போல நின்றது. இடது கடைவாய்ப் பக்கம் உறுத்துகிறது என்று அவர் முனகியதால் போன வருடம் அவளே அரத்தால் ராவிக் குறைத்த சிறு வளைவுகூட அந்தச் சிவப்பில் பிசகாமல் பதிந்திருந்தது. பத்தொன்பது வருடமாகப் பல் செட் செய்கிறவள் அவள். தான் செய்த செட்டின் அண்ணத் தட்டு வரைபடத்தைத் தன் புருஷன் வாய்க்குள் ரத்த நிறத்தில் பார்ப்பாள் என்று ஒருநாளும் எண்ணியதில்லை.

"இது பூஞ்சைம்மா," என்றாள் வாய் டாக்டர். சின்னப் பெண்தான், ஆனால் சொல்வதைச் சுற்றி வளைக்காமல் சொல்லும் பழக்கம் உள்ளவள். "செட்டுக்கு அடியில வளர்றது. வேற யாருக்காவது வந்தா நான் இவ்வளவு கவலப்பட மாட்டேன். இவருக்கு கிட்னி மாத்தப் போறாங்க. மாத்தின பிறகு உடம்பு அதை வெளிய தள்ளாம இருக்கணும்னு, எதிர்ப்புச் சக்தியையே அடக்கி வைக்கற மாத்திரை குடுப்பாங்க. அப்ப இந்தப் பூஞ்சைக்கு வாய் பத்தாது. தொண்டைக்குப் போகும். ரத்தத்துக்கும் போகும்."

"எத்தன நாள் இருக்கு டாக்டர்?"

"ஆபரேஷனுக்கு இருபத்தாறு நாள். அதுக்கு அஞ்சு நாள் முன்னாடி நான் கையெழுத்துப் போடணும். வாய் சுத்தமில்லேன்னா போட மாட்டேன்."

நாற்காலியில் சாய்ந்திருந்த அவள் கணவரான ஏலக்காரர் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு, மறு கையால் தட்டை உள்ளே செருகி, அது 'களுக்' என்று பிடித்த பிறகே கையை எடுத்தார். காய்கறிச் சந்தையில் முப்பது வருடம் ஏலம் விட்ட குரல் உடனே திரும்பி வந்தது. "இருபத்தொரு நாள்னு ஆரம்பிச்சிருக்கீங்க டாக்டர். யாராவது ஏத்திக் கேக்கறாங்களான்னு பாருங்க."

டாக்டர் சிரிக்கவில்லை. "இந்தத் தேதி போச்சுன்னா அடுத்தது எப்பன்னு என்னால சொல்ல முடியாது. அதுவரைக்கும் உங்க உடம்பு எப்படி இருக்கும்னும் சொல்ல முடியாது." பிறகு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தாள். தட்டைத் தினமும் மருந்து நீரில் ஊறவைக்க வேண்டும், ராத்திரி வாய் வெறுமனே இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். மனைவி தலையாட்டினாள். பல் செட் வாங்க வருகிறவர்களுக்கெல்லாம் அவள் ஒப்பிக்கிற பாடம்தான் அது. தெரிந்த பாடம் என்பதாலேயே அவள் காது அதைப் பாதிதான் வாங்கியது.

வாரத்துக்கு மூன்று நாள் கணவரின் ரத்தத்தை ஆஸ்பத்திரி இயந்திரத்தில் விட்டுச் சுத்தம் செய்துவந்தார்கள். திரும்பும்போது அவர் முகம் ஊறிய காகிதம்போல இருக்கும். சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறையும் ஓர் அடுப்படியுமாக இருந்த வீட்டுக்கு ஏறவேண்டிய பதினேழு படிகளில் ஏழாவதில் ஒருதரம், பதின்மூன்றாவதில் ஒருதரம் உட்கார்ந்துவிட்டுத்தான் மேலே வருவார். அவர் உட்காரும் நேரமெல்லாம் அவள் ஒரு படி கீழே நின்று, அவர் பின்னால் சாய்ந்தால் தாங்கிக்கொள்ள இரண்டு கையையும் ஏந்தியபடி இருப்பாள். அந்தக் கைகள் எதையும் தாங்க வேண்டி வந்ததில்லை. வருமோ என்ற பயம் மட்டும் அவற்றில் நிரந்தரமாக இருந்தது.

சிறுநீரகம் தரப்போகிறவர் அவருடைய அக்கா. மாணவர் விடுதியில் இருநூறு பேருக்குச் சமைக்கிறவர். ஐம்பத்து நான்கு வயது. கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர். பொருந்துகிறது என்று ஆஸ்பத்திரி சொன்ன மறுவாரம் ஒரே ஒரு பையோடு வந்து இறங்கி, அன்று மாலையே அடுப்படியைக் கைப்பற்றிக்கொண்டார். பூஞ்சை என்ற செய்தியைக் கேட்டதும் அவர் அடுப்பைத் தணித்தார். கொஞ்ச நேரம் கழித்து, மசாலா டப்பாக்களை ஒவ்வொன்றாகத் திறந்து மோந்து பார்க்க ஆரம்பித்தார்.

"பட்டை, கிராம்பு, ஓமம். மூணையும் நசுக்கிக் கொதிக்க வெச்சு, அந்தத் தண்ணியில ஊறப்போட்டா எந்தப் பூஞ்சையும் நிக்காது," என்றார் நாத்தனார். "விடுதியில ஊறுகாய்ச் சாடிய எதுல கழுவறேன்னு நெனச்ச?"

"ஊறுகாய்ச் சாடி வேற, வாய் வேற அண்ணி. பிளீச்சிங் தண்ணியச் சொட்டுக் கணக்குல கலந்து பத்து நிமிஷம் போட்டு எடுக்கணும். எங்க பட்டறையில எல்லாருக்கும் அதான் சொல்றோம்."

"கக்கூஸ் கழுவறத என் தம்பி வாயில போடுவியா?"

"கழுவிட்டுத்தான் போடுவேன். அவருக்குக் காரமோ உப்போ ஒரு சொட்டு அதிகமா உள்ள போகக் கூடாதுன்னு எழுதியே குடுத்திருக்காங்க. உங்க கஷாயத்துல என்ன இருக்குன்னு யாருக்குத் தெரியும்?"

"குடிக்கவா சொன்னேன்? பல்லுதான குடிக்கப்போவுது." நாத்தனார் இடிகல்லின் குழவியைக் கீழே வைத்தார். "இந்தா பாரு. என் கிட்னியையே வெட்டிக் குடுக்கறேன். என் கஷாயத்தக் குடுக்கக் கூடாதா?"

இரண்டு மாதமாக அந்த வீட்டில் எந்தப் பேச்சும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

கூடத்தில் படுத்திருந்த ஏலக்காரர் குரல் கொடுத்தார். "சண்ட எதுக்குக்கா? ஒரு செட்டுதான இருக்குங்கறதால இந்த இழுபறி. ரெண்டு செய்யச் சொல்லு. ஒன்னு அவளுக்கு, ஒன்னு உனக்கு. எது ஜெயிக்குதோ அதுக்கு ஏலத்த முடிச்சுடுவோம்."

வேறெந்த வீட்டிலாவது அது வேடிக்கைப் பேச்சாகவே முடிந்திருக்கும். இந்த வீட்டுக்காரிக்கு ஒரு செட்டைப் போல இன்னொன்று செய்வது கைவசமான வேலை. பழைய தட்டின் கீறல்களில் பூஞ்சை ஒளிந்திருக்கும், அதை எறிந்துவிட்டுப் புதிதாகச் செய்வதே நல்லது என்று அவளும் நினைத்திருந்தாள். ஒன்றுக்கு இரண்டாக இருக்கட்டும் என்று முடிவு செய்தாள்.

பட்டறை என்பது ஒரு நீள அறை. ஒரு கோடியில் பிளாஸ்டர் மூட்டை, மறு கோடியில் மெருகேற்றும் மோட்டார், நடுவில் ஜன்னலைப் பார்த்த மேசை. அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, அது சூடேறிக் குளிரும்வரை காத்திருந்து, மெழுகில் பல்வரிசை அடுக்கினாள். பித்தளைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டி, மெழுகை வெந்நீரில் உருக்கி வெளியேற்றி, அந்த வெற்றிடத்தில் ரோஜா நிற அக்ரிலிக் மாவைத் திணித்தாள். அழுத்திப் பூட்டி வேகவைத்தாள். ஒவ்வொன்றையும் இரண்டு தரம் செய்தாள். எல்லாத் தட்டுக்கும் மெருகை வெளிப்பக்கம் மட்டும்தான் ஏற்றுவார்கள். அவளோ அண்ணத்தில் படியும் உட்பக்கத்தையும் ஜன்னல் வெளிச்சத்துக்கு அருகில் பிடித்துத் தடவித் தடவிப் பார்த்தாள். ஊசி முனை அளவு துளை இருந்தாலும் அதற்குள் ஓர் ஊர் குடியேறிவிடும் என்று தோன்றியது. தோன்றியதும் மறுபடி முதலிலிருந்து தடவத் தொடங்கினாள்.

"ரெண்டு மேல் செட்டா?" என்றார் முதலாளி, மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து. "உங்க வீட்டுக்காரருக்கு எத்தன வாய்?"

"சந்தையில கேட்டுப் பாருங்க. பத்துன்னு சொல்லுவாங்க," என்றாள். அன்றைக்கு அவளால் பேச முடிந்த ஒரே வேடிக்கைப் பேச்சு அது.

வீட்டு அலமாரிக்கு இரண்டு கிண்ணங்கள் வந்தன. வெள்ளைக் கிண்ணம் மனைவியுடையது; அதில் பத்து நிமிடம் பிளீச்சிங், பிறகு நல்ல தண்ணீர். நீலக் கிண்ணம் நாத்தனாருடையது. மாலை ஏழு மணிக்கு அவர் வாயில் இருப்பதை வாங்கித் தேய்த்துக் கழுவி அதன் கிண்ணத்தில் போட்டுவிட்டு, மற்றக் கிண்ணத்தில் இருபத்து நாலு மணி நேரம் கிடந்ததை எடுத்து, மூன்று தண்ணீர் அலசி அவர் கையில் கொடுப்பாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு அதை மாட்டிக்கொள்வார். ஒருநாளும் ஐந்து நிமிடம் பிந்தியதில்லை. கழுவிக் கழுவி அவள் விரல் நுனிகள் உரிந்தன.

"இன்னிக்கு யார் முறை?" என்பார் ஏலக்காரர். "அக்கா முறைன்னா கேக்குக் கடையில உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. உன் முறைன்னா நீச்சல் குளம்."

"எது நல்லா இருக்கு, அதச் சொல்லுடா," என்பார் நாத்தனார்.

"பொண்டாட்டிய வெச்சுக்கிட்டுக் கேக்கற கேள்வியா அக்கா இது?"

சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் மூன்று பேரும் ஆளுக்கொரு திசையைப் பார்ப்பார்கள்.

ஏழாம் நாள் டாக்டர் இரண்டு தட்டிலிருந்தும் அண்ணத்திலிருந்தும் பஞ்சுக் குச்சியால் தொட்டெடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினாள். பத்தாம் நாள் முடிவு வந்தது. பிளீச்சிங் தட்டில் ஒன்றுமே முளைக்கவில்லை. கஷாயத் தட்டில் நாலைந்து புள்ளி, அவ்வளவுதான். அண்ணத்திலிருந்து எடுத்தது மட்டும் கண்ணாடித் தட்டு முழுக்க மோர் தெளித்தாற்போல வெள்ளை வெள்ளையாகப் பூத்துக் கிடந்தது. ஆய்வகத்திலிருந்து வந்த படத்தை டாக்டர் காட்டினாள்.

"தட்டு ரெண்டும் சுத்தமா இருக்கு. சொட்டு மருந்தும் போகுது. வாய் ஏன் ஆறலைன்னு எனக்குப் புரியல," என்றாள். "ராத்திரி கழட்டி வெக்கறார்ல?"

"தினமும் ஒன்னு ஊறுது டாக்டர்," என்றாள் மனைவி. பொய் ஏதும் இல்லை. தன் கண்ணால் பார்ப்பதைத்தான் சொன்னாள்.

டாக்டர் பேனாவை மூடினாள். "இன்னும் ஒரு வாரம் பாக்கலாம். அதுக்கும் சரியாகலேன்னா வேற மாத்திரைதான். அவர் சாப்பிடற மத்த மருந்தோட அது ஒத்துப்போகுமான்னு பெரிய டாக்டர் யோசிப்பார். தள்ளித்தான் போடுவார்."

அன்று வீடு திரும்பும் வழியில் அவளுக்கு ஓர் எண்ணம் வந்தது. வந்தது போகவேயில்லை. பூஞ்சை தட்டிலிருந்து வருவதாக நினைத்தோமே, அது முன்பே உள்ளே இறங்கியிருந்தால்? அவர் இருமும்போதெல்லாம் அது தொண்டையில் இறங்குகிறது என்று நினைத்தாள். பேசாமல் இருக்கும்போது அது ரத்தத்தில் சேர்ந்துவிட்டது என்று நினைத்தாள். படியில் அவர் உட்கார்ந்தபோது கைகளை ஏந்தியவள், அவர் எழுந்து மேலே போய்ச் சேர்ந்த பிறகும் அப்படியே நின்றுகொண்டிருந்தாள்.

மறுநாள் பட்டறைக்கு ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் வந்திருந்தார். செட்டில் ஒரு பல் தெறித்துவிட்டது. ஒட்டிக் கொடுக்கும்போது அவள் வழக்கம்போல ஒப்பித்தாள். "ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டுடணும்ங்க. போட்டுக்கிட்டே தூங்கக் கூடாது."

"போட்டுக்கிட்டுத் தூங்க எங்கம்மா முடியும்? இருக்கறது ஒரு செட்டு. அது கிண்ணத்துல கெடந்தா, வாய் சும்மாதான கெடக்கணும்." டிரைவர் சிரித்தார். "ரெண்டு செட்டா வெச்சிருக்கேன், மாத்தி மாத்திப் போட?"

அவள் கையிலிருந்த அரம் மேசையில் விழுந்தது. 'சும்மாதான கெடக்கணும்' என்பதை வாய்விட்டு ஒருதரம் சொல்லிப் பார்த்தாள். ஒரு செட் இருந்த காலத்தில், கழுவுகிற சாக்கிலாவது அந்த அண்ணத்துக்குக் காற்றும் எச்சிலும் கிடைத்தது. கஷாயமா பிளீச்சிங்கா என்று ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இரண்டாவது தட்டைச் செய்தாளே, அன்றிலிருந்து அதற்கு ஒரு நிமிட ஓய்வும் இல்லை. தட்டுகள் முறைபோட்டு இளைப்பாறின. அவற்றை மாற்றி மாற்றிக் கையில் கொடுத்தவள் அவள்தான்.

"என்னம்மா, ஒரு மாதிரி ஆயிட்டீங்க?" என்றார் டிரைவர்.

"வீட்ல அடுப்ப அணைக்காம வந்துட்டேன்," என்று சொல்லிவிட்டு, மேலங்கியைக்கூடக் கழற்றாமல் கிளம்பினாள்.

பதினேழு படியையும் ஒரே மூச்சில் ஏறியவள், மூச்சு வாங்க விஷயத்தைச் சொன்னாள். நாத்தனார் கரண்டியோடு நின்றார். ஏலக்காரர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார்.

"கழட்டிக் குடுங்க. இப்பவே. இன்னும் பத்து நாள், சாப்பிடும்போதுகூட வேண்டாம்."

"சாயங்காலம் பாக்கலாம்."

"என்னங்க, இது சாயங்காலம் பாக்கற விஷயமா?"

"கழட்ட மாட்டேன்னு சொல்றேன்ல."

அவர் அவளிடம் குரலை உயர்த்துவது அரிது. அவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். "ஊர்ல இருக்கற வாயெல்லாம் பாத்தவ நான். எங்கிட்ட என்ன வெக்கம்?"

"வெக்கமில்ல." அவர் ஜன்னலைப் பார்த்தார். "இத எடுத்தா, கண்ணாடியில அப்பா வர்றார். வாய் உள்ள போயி, தாடை மேல ஏறி... கடைசியில படுத்திருந்தார்ல, அந்த மூஞ்சி. அவரும் இதே வியாதியிலதான போனார்? நான் சாகறதுக்கு முன்னாடியே அந்த மூஞ்சிய மாட்டிக்கணுமா?"

அடுப்படி வாசலில் நின்ற நாத்தனாரின் கரண்டியிலிருந்து கஞ்சி தரையில் சொட்டியது. யாரும் அதைத் துடைக்கவில்லை.

மனைவிக்குச் சமாதானம் சொல்லத் தெரியவில்லை. சொல்லத் தெரிந்ததைச் சொன்னாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. உங்க வாய்ல அந்தச் சிவப்பப் பாத்த நாள்லேர்ந்து சோறு எறங்கல. நான் செஞ்சு குடுத்ததுதான் உங்கள அரிக்குது. நான் செஞ்சத எங்கிட்டயே குடுத்துடுங்க. கெஞ்சிக் கேக்கறேன்."

அவள் உள்ளங்கையை நீட்டினாள். வெகுநேரம் நீட்டிக்கொண்டிருந்தாள். கடைசியில் அவர் கையால் மறைக்காமல் தட்டைக் கழற்றி, ஈரத்தோடு அதில் வைத்தார். மேலுதடு உள்ளே விழுந்தது. கன்னம் இரண்டும் குழிந்தன. பத்து வருடம் ஒரே மூச்சில் கூடிப்போயிற்று. நாத்தனார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பாக்காதக்கா," என்றார் ஏலக்காரர். சொல் காற்றாகவும் எச்சிலாகவும் வந்தது.

நாத்தனார் திரும்பினார். கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து தம்பிக்கு நேரெதிரே உட்கார்ந்து, கண்ணிமைக்காமல் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு ஊட்டினார். "அப்பா மாதிரிதான் இருக்க," என்றார். "ஆனா அவர் என் சமையல இவ்வளவு மெதுவாச் சாப்பிட மாட்டார். முழுங்கு."

அந்தப் பத்து நாளும் அந்த வீட்டில் அதிகம் பேச்சில்லை. அவர் பேசினால் புரியாது, புரியவில்லை என்றால் கோபம் வரும். சந்தையிலிருந்து பார்க்க வந்தவர்களை மனைவி படியிலேயே நிறுத்தி, தூங்குகிறார் என்று அனுப்பினாள். மதிய வெளிச்சம் நன்றாக விழும் நேரத்தில் அவரை ஜன்னலோரம் உட்காரவைத்து வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பாள். மூன்றாம் நாள் மாற்றமில்லை. ஐந்தாம் நாள் வெளிறியது போலத் தோன்றியது. ஆசை காட்டும் வெளிறலோ என்று பயந்து யாரிடமும் சொல்லவில்லை. எட்டாம் நாள் நாத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவரும் எட்டிப் பார்த்துவிட்டு, பேசினால் அந்தப் பூஞ்சைக்குக் கேட்டுவிடும் என்பதுபோல, அடிமேல் அடி வைத்துப் போனார்.

இருபத்தோராம் நாள் காலை, டாக்டர் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முன்னாலேயே எடுத்தனுப்பிய பரிசோதனையின் முடிவை ஒருதரம், வாயை ஒருதரம். பிறகு கையெழுத்துப் போட்டாள். "தேதி நிக்குது," என்றாள். "ஆபரேஷன் முடிஞ்சு நான் சொல்றவரைக்கும் செட் வேண்டாம். அப்புறமா எதுல ஊறவெச்சாலும் சரி, ராத்திரி வாய் சும்மா இருக்கணும்."

ஏலக்காரரை ரத்தம் எடுக்க உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். பெண்கள் இருவரும் நடைவழி பெஞ்சில் உட்கார்ந்தார்கள். இத்தனை நாள் வேண்டிக் கிடந்த செய்தி கிடைத்தும், மனைவிக்கு நெஞ்சுக்குள் இருந்த பாரம் இறங்கவில்லை. அது இடம் மாறி உட்கார்ந்ததுபோல இருந்தது. இன்னும் ஐந்து நாள். இரண்டு பேரை ஒரே காலையில் கூரிய கத்திகளுக்குக் கீழே படுக்கவைப்பார்கள்.

"ஒன்னு சொன்னா என்ன வெறுக்க மாட்டியே?" என்றார் நாத்தனார், எதிர்ச்சுவரைப் பார்த்தபடி.

"சொல்லுங்க அண்ணி."

"பூஞ்சைன்னு வந்து சொன்னீங்களே, அன்னிக்கு எனக்குச் சந்தோஷமா இருந்துச்சு." குரல் மிகவும் சின்னதாக இருந்தது. "தள்ளிப் போகும்னு. என்ன வெட்டறது கொஞ்ச நாள் தள்ளிப் போகும்னு. ஒரு நாழிதான். அப்புறம் என்ன நானே செருப்பால அடிச்சுக்கலாம் போல ஆயிடுச்சு. அதான் அந்தக் கஷாயம். அவனுக்காகக் காய்ச்சல. என் பாவத்துக்குக் காய்ச்சினேன்."

மனைவி திரும்பிப் பார்த்தாள். இருநூறு பேருக்கான அண்டாவைத் தனியாக இறக்கிவைக்கும் அந்தத் தோள்கள் உள்ளொடுங்கியிருந்தன. கேட்காமல் விட்டுவிடலாம். கேட்காமல் விட்டால் அண்ணி கையெழுத்துப் போட்டுவிடுவார். அது தெரிந்தும் அவள் கேட்டாள்.

"வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க அண்ணி. அவர்கிட்ட நான் சொல்லிக்கறேன். உங்கள ஒரு வார்த்த கேக்க விடமாட்டேன்."

"சொன்னா அவன் என்ன ஆவான்?"

"தெரியல."

"ஒன்னும் ஆகாதுன்னு ஒரு பொய் சொல்லியிருக்கலாம் நீ."

"பொய் சொல்லித்தான் கூட்டிக்கிட்டுப் போகணுமா உங்கள?"

கதவு திறந்தது. நர்ஸ் ஒருத்தி கையில் தாள்களோடு எட்டிப் பார்த்தாள். "கிட்னி குடுக்கறவங்க யாரு? கையெழுத்துப் போட உள்ள வாங்க."

நாத்தனார் அசையவில்லை. "மயக்க ஊசி போட்டப்புறம் நடுவுல முழிப்பு வந்துடுமா?"

"வராது."

"உனக்கென்ன தெரியும். பல்லு செய்யறவ."

"டாக்டர்கிட்ட கேட்டேன் அண்ணி. ரெண்டு தரம் கேட்டேன். எனக்கும் அதே பயம்தான்."

"குடுக்கறவங்க யாரும்மா?" என்றாள் நர்ஸ் மறுபடியும்.

நாத்தனார் பெஞ்சின் விளிம்பை அழுத்திப் பிடித்துக்கொண்டு எழுந்தார். கதவுவரை போனார். அங்கே நின்று, திரும்பாமலேயே கையைப் பின்னால் நீட்டினார். "நீயும் வா," என்றார். "தனியாப் போனா ஓடி வந்துடுவேன்."

மனைவி எழுந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். அது தண்ணீரில் கிடந்தது போலச் சில்லென்று இருந்தது. தன் கையும் அப்படித்தான் இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். இருவரும் உள்ளே போனார்கள்.